மிஞ்சிய வான்கோழி: வியாழன் இரவு முதல் திங்கள் இரவு வரை

மீன் குழம்பு வைத்த அன்றைவிட மறுநாள்தான் ருசி. வான்கோழி நேர் எதிர். அடுப்பிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் ராஜா. மறுநாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை, வாயில் போட்டால் தேங்காய் நார்.

காரணம் ஒன்றுதான். மீன் துண்டு புளிக்கும் எண்ணெய்க்கும் நடுவே மூழ்கிக் கிடக்கிறது, காற்று அதைத் தொடுவதில்லை. வான்கோழியை நாம் தட்டில் பரப்பி, மேலே அலுமினியத் தாளை லேசாகப் போர்த்தி உள்ளே தள்ளுகிறோம். வான்கோழியின் கொழுப்பில் ஆக்ஸிஜனோடு சீக்கிரம் சேரும் வகை அதிகம். வேகும்போது தசையிலிருந்து வெளிப்படும் இரும்பு அந்த வேலையை இன்னும் முடுக்கிவிடும். சில மணி நேரத்திலேயே அந்தப் பழைய வாடை பிறந்துவிடும், மறுநாள் மைக்ரோவேவில் காய்ச்சும்போது இன்னும் எழும். கறி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் யாருக்கும் இரண்டாம் தட்டு கேட்கத் தோன்றாது.

ஆகவே இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வரும் சூத்திரம் ஒன்றே: கறி சாற்றுக்குள் இருக்கட்டும், சமையலில் கடைசியாக அடுப்பேறட்டும். இது ஏற்கெனவே வெந்த கறி. இதை "சமைக்க" வேண்டியதில்லை, சூடாக்கினால் போதும். சமையல் எல்லாம் சாற்றுக்கும் மசாலாவுக்கும்தான்.

கணக்கு அமெரிக்க நன்றி நவிலல் நாளுக்கு, அதாவது நவம்பர் நான்காம் வியாழனுக்கு, போடப்பட்டிருக்கிறது. கனடாவில் இருப்பவர்களுக்கு அது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் வான்கோழிக்கும் இதே கணக்கு. நாளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 12 பவுண்டு பறவையில் தோராயமாக 5 பவுண்டு கறி தேறும். விருந்தில் பாதி போனால் மிச்சம் இரண்டரை பவுண்டு, நறுக்கினால் ஏழு எட்டு கப். ஒரு கப் என்பது ஏறக்குறைய 150 கிராம்.

வியாழன் இரவு: தூங்கப் போகுமுன் அரை மணி நேரம்

முக்கால்வாசி வெற்றி தோல்வி இந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். விருந்து முடிந்து காபி, அரட்டை, கால்பந்து ஆட்டம் என்று பறவை மேசையிலேயே நாலு மணி நேரம் இருந்துவிடும். அங்கேதான் ஆபத்து. அடுப்பிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் கறி ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. 40-க்கும் 140-க்கும் இடைப்பட்ட பாரன்ஹீட் வெப்பத்தில் (4 முதல் 60 டிகிரி செல்சியஸ்) கிருமிகள் படுவேகமாகப் பெருகும். இந்தக் காலத்துக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அதன் வித்துகள் சமையல் சூட்டிலும் சாகாது. பெரிய கறித் துண்டும் பெரிய பானையும் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும், பேதியாகும். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் கூட்டமாக நோய்ப்படுவது நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடிக்கடி நடக்கிறது.

இரவு முழுக்க மேசையில் கிடந்த கறியை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், இந்தக் கிருமிகளை மூக்கு கண்டுபிடிக்காது. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரி" என்பதும் தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது. அந்தக் கறி குப்பைக்குத்தான்.

பறவையை முழுதாக உள்ளே வைக்காதீர்கள், அன்றிரவே பிரித்துவிடுங்கள். கறி வெதுவெதுப்பாக இருக்கும்போது எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். ஆறி இறுகினால் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் தோலை உரித்துத் தனியாக வையுங்கள். நெஞ்சுக்கறியை நடு எலும்பின் இருபுறமும் கத்தியை ஒட்டி இறக்கி, முழுப் பாளமாக எடுங்கள். இப்போது நறுக்க வேண்டாம். நறுக்க நறுக்க காற்றுபடும் பரப்பு கூடும், வாடையும் கூடும். தொடைக்கறியைக் கையாலேயே பிய்க்கலாம். பறவையைக் கவிழ்த்துப் போட்டால், முதுகில் தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருபுறமும் சிறு குழி இருக்கும். பெருவிரலை விட்டு நெம்பினால் எலுமிச்சை அளவில் ஒரு கறி உருண்டை கழன்று வரும். பறவை முழுவதிலும் மெத்தென்ற துண்டு அதுதான். அதைச் சமையலுக்கு எடுத்துவைக்கச் சொல்லமாட்டோம்; பிரிப்பவருக்குக் கூலி.

கால் துண்டில் மட்டும் கவனம். வான்கோழியின் கீழ்க்காலில் ஓடும் நரம்புகள் வயதாக ஆக எலும்பாகவே இறுகிவிடும். தென்னை ஈர்க்குச்சி கனத்தில், ஊசிபோல் கூராக, ஒரு காலில் பத்துப் பன்னிரண்டு வரை இருக்கும். இவை கறியோடு கலந்து குழம்பில் விழுந்தால் குழந்தைகளின் தொண்டையில் குத்தும். காலின் கறியை விரலால் நீளவாக்கில் கோதி, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுக்கறியையும் தொடைக்கறியையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டும் இரண்டு விதக் கறி. தொடையில் ஜவ்வும் கொழுப்பும் உண்டு, இரண்டாம் முறை சூட்டைத் தாங்கும், குழம்பில் பத்து நிமிடம் கிடந்தால் இன்னும் மிருதுவாகும். நெஞ்சில் அது இல்லை. ஒருமுறை வெந்து நீர்விட்ட தசை மறுபடி கொதித்தால் மிச்ச நீரையும் விட்டுவிடும். இரண்டையும் ஆழமில்லாத தனித்தனி டப்பாக்களில் போட்டு, வறுத்த தட்டில் வடிந்த சாற்றையோ உப்பில்லாத சிக்கன் ஸ்டாக்கையோ (எலும்பை வேகவைத்து வடித்த சாறு) நெஞ்சுக்கறியின் மேல் முக்கால் கப் ஊற்றி, பிளாஸ்டிக் தாளைக் கறியோடு ஒட்டினாற்போல் அமுக்கி மூடுங்கள். இதுதான் மீன் குழம்புத் தந்திரம்.

ஃபிரிட்ஜ் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். டப்பா மேல் ஒரு டேப் ஒட்டி நாள் எழுதுங்கள். கறியின் ஆயுள் 3 முதல் 4 நாள், அதாவது திங்கள் இரவு வரை. அதற்கு மேல் வேண்டுமானால் ஃபிரீசர்தான்.

எலும்புக்கூடு: தூக்கி எறிந்தால் பாதி நட்டம்

பின்னால் வரும் கம்போ (லூசியானாக் குழம்பு), பாட் பை (கறி உள்ளீட்டை மாவுத் தாளால் மூடிச் சுடுவது), சால்னா எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்தக் கூட்டில் இருந்து வரும் ஸ்டாக். கடையில் வாங்கும் டப்பா ஸ்டாக்கில் உப்பு தூக்கலாக இருக்கும், பசை இருக்காது.

கூட்டை இரண்டு கையாலும் வளைத்து நாலைந்து துண்டாக ஒடியுங்கள். உள்ளே ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுப் பூரணம்) வைத்து வறுத்திருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ரொட்டி கரைந்தால் சாறு கஞ்சியாகக் கலங்கும். எலும்புத் துண்டுகள், இறக்கை நுனிகள் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு, முழுகும்வரை பச்சைத் தண்ணீர், ஏறத்தாழ மூன்று முதல் நான்கு லிட்டர். பாதியாக வெட்டிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, மிளகு 10, பிரிஞ்சி இலை 1. உப்பு வேண்டவே வேண்டாம். பறவையை உப்புநீரில் ஊறப்போட்டு வறுத்திருந்தால் எலும்பிலேயே உப்பு இருக்கும், சாறு வற்றும்போது அது இரட்டிப்பாகும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும் நிலையில் மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து வெண்மையாகக் கலங்கி, நாக்கில் பிசுபிசுக்கும். நேரமில்லாதவர்களுக்குக் குக்கர்: மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 45 நிமிடம். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கர் என்றால் உயர் அழுத்தத்தில் ஒரு மணி நேரம், அழுத்தம் தானாக இறங்கட்டும். ஐந்து லிட்டர் குக்கரில் 12 பவுண்டு பறவையின் கூடு ஒரே தடவையில் அடங்காது, இரண்டு ஈடாகப் போடுங்கள்.

புகைபோட்ட வான்கோழி என்றால் தனிக் கணக்கு. அந்தச் சாற்றில் புகை வாடை தூக்கலாக இருக்கும். கம்போவுக்கும் பீன்ஸ் சூப்புக்கும் அருமை. பாட் பைக்கும் பிரியாணிக்கும் ஆகாது.

வடிகட்டியதும் பானையோடு ஃபிரிட்ஜில் வைப்பது பெரும் தவறு. நான்கு லிட்டர் சூடான சாறு நடுவில் ஆறுவதற்குள் விடிந்துவிடும், பக்கத்தில் இருக்கும் பாலையும் சூடாக்கும். பாத்திரங்கழுவும் தொட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி அதில் பானையை இறக்கி, கரண்டியால் கிளறுங்கள். அமெரிக்க உணவகங்களுக்கான விதி: இரண்டு மணி நேரத்தில் 70 பாரன்ஹீட்டுக்கும், அடுத்த நாலு மணி நேரத்தில் 41-க்கும் இறங்க வேண்டும். வீட்டிலும் அதையே பின்பற்றலாம். பிறகு சிறு டப்பாக்களில் ஊற்றி உள்ளே வையுங்கள். மறுநாள் சாறு அல்வா மாதிரி ஆடினால் ஜவ்வு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். மேலே படியும் மஞ்சள் கொழுப்பை வழித்து வையுங்கள், சுக்காவுக்கு ஆகும்.

வெள்ளி: சூடாக்காமல் சாப்பிடுங்கள்

பழைய வாடை சூட்டில்தான் அதிகமாக எழும்பும். எனவே முதல் நாள் நெஞ்சுக்கறியைக் குளிராகவே சாப்பிடுவது புத்திசாலித்தனம். அமெரிக்கர்கள் வெள்ளிக்கிழமை சாண்ட்விச்சைக் கொண்டாடுவதற்குப் பின்னால் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பாளத்தை நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, கால் அங்குல கனத்தில் நறுக்கி, ரொட்டியில் மயோனைஸ், மிஞ்சிய கிரான்பெர்ரி சாஸ், லெட்யூஸ் வைத்தால் முடிந்தது. புளிப்பும் இனிப்பும் வறட்சியை மறைத்துவிடும்.

சூடாகத்தான் வேண்டும் என்றால் கென்டக்கி வழி. லூயிவில் நகரின் பிரௌன் ஹோட்டலில் 1926-இல் பிறந்த "ஹாட் பிரௌன்": தடித்த டோஸ்ட், மேலே வான்கோழி, அதன்மேல் சீஸ் சாஸ் வழிய ஊற்றி, மேல்தீயில் நுரைக்கும்வரை காட்டி, தக்காளியும் பேக்கனும் வைப்பது. வீட்டு அளவு: வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி, இரண்டு நிமிடம் வதக்கி, பால் ஒன்றரை கப் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் இறக்கி, துருவிய சீஸ் அரை கப். அடுப்பில் இருக்கும்போதே சீஸ் போட்டால் சாஸ் திரிதிரியாகப் போகும். கவனித்தீர்களா, இங்கேயும் கறி சாஸுக்கு அடியில்தான் இருக்கிறது.

சனி: கம்போ

மிச்ச வான்கோழிக்கு அமெரிக்கா கண்டுபிடித்த ஆகச் சிறந்த விடை லூசியானாவில் இருக்கிறது. நன்றி நவிலலுக்கு மறுநாள் கூட்டை வேகவைத்துக் கம்போ வைப்பது அங்கே வழக்கம். கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கெட்டியான, கருத்த, சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் குழம்பு. நம் வீடுகளில் அறிமுகமே தேவையில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும்.

ஆறு பேருக்கு: எண்ணெய் அரை கப், மைதா அரை கப், பெரிய வெங்காயம் 2, பச்சைக் குடைமிளகாய் 1, செலரி 3 தண்டு (மூன்றும் பொடியாக நறுக்கியது), பூண்டு 5 பல், புகைபோட்ட சாசேஜ் 350 கிராம், வான்கோழி ஸ்டாக் 8 கப், வெண்டைக்காய் 200 கிராம், வான்கோழி 3 கப் (பெரும்பாலும் தொடைக்கறி), காய்ந்த தைம் 1 தேக்கரண்டி, கயேன் மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 2. ஆண்டூயி என்ற சாசேஜ் பன்றிக்கறியில் செய்வது. வேண்டாதவர்கள் மாட்டுக்கறி அல்லது வான்கோழி சாசேஜ் போடலாம், புகைபோட்டதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

சாசேஜை வட்டமாக நறுக்கிச் சிவக்க வதக்கி எடுத்து வையுங்கள். வெண்டைக்காயைத் தனி வாணலியில் சிறிது எண்ணெயில், கொழகொழப்பு போகும்வரை வதக்குங்கள். இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி "ரூ". கம்போவின் உயிர் இதில்தான். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயும் மைதாவும் சேர்த்து, நடுத்தரத் தீயில், தட்டையான மரக்கரண்டியால் அடிமுழுக்கத் துழாவிக்கொண்டே இருங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சந்தன நிறம், பதினைந்தில் கடலை மிட்டாய் நிறம், இருபத்தைந்தில் செப்புக்காசு, முப்பது முப்பத்தைந்தில் கருப்பட்டி. வாடையும் கூடவே மாறும். முதலில் பச்சை மாவு, பிறகு வறுத்த கடலை, கடைசியில் காபிக்கொட்டை. கருப்பட்டி நிறத்துக்கு ஒரு நிமிடம் முன்பு நிறுத்துங்கள், பாத்திரத்தின் சூடு மிச்சத்தைச் செய்துவிடும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மாவு தீய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். தீய்ந்த ரூவின் கசப்பு எட்டு கப் ஸ்டாக்கையும் கெடுக்கும். மேலே தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால்தான் அங்கே சமையல்காரர்கள் இதை "கேஜன் நேபாம்" (லூசியானாவின் தீக்குண்டு) என்று கிண்டல் செய்கிறார்கள். குழந்தைகள் அடுப்பருகே வேண்டாம்.

நிறம் வந்த கணத்தில் வெங்காயம், குடைமிளகாய், செலரியைக் கொட்டுங்கள். காயின் ஈரம் சூட்டைத் தணித்து, மாவு மேலும் கருகாமல் நிறுத்தும். எட்டு நிமிடம் வதக்கி, பூண்டு போட்டு, ஸ்டாக்கை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கரையுங்கள். சாசேஜ், வெண்டைக்காய், தைம், கயேன், பிரிஞ்சி சேர்த்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். கறுத்த ரூ அதிகம் கெட்டிப்படுத்தாது, வறுபட வறுபட மாவின் பிடிப்பு குறைந்துவிடும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருந்தால் சரியான பதம்.

வான்கோழி கடைசிப் பத்து நிமிடம்தான். நெஞ்சுக்கறி சேர்ப்பதானால் கடைசி மூன்று நிமிடம். உப்பை இப்போதுதான் முதன்முதலாகப் பாருங்கள். சாசேஜும் கறியும் ஏற்கெனவே நிறைய விட்டிருக்கும்.

பாட் பை, டெட்ரசினி

இவை இரண்டும் பாலும் வெண்ணெயும் சேர்ந்த சமையல், நெஞ்சுக்கறிக்கு ஏற்றவை. பாட் பை உள்ளீட்டுக்கு வெண்ணெய் 5 மேசைக்கரண்டி, நறுக்கிய வெங்காயம் 1, கேரட் 2, செலரி 2. பத்து நிமிடம் வதக்கி, மைதா அரை கப் தூவி இரண்டு நிமிடம் கிளறி, ஸ்டாக் இரண்டரை கப், பால் அரை கப். கெட்டியானதும் இறக்கி, அரை அங்குலத் துண்டாக நறுக்கிய கறி 3 கப், உறைந்த பட்டாணி முக்கால் கப், மிளகுத்தூள் தாராளமாக. உள்ளீடு கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும், ஒழுகக் கூடாது. முழுக்க ஆறவிட்டு, 9 அங்குலத் தட்டில் பரப்பி, கடையில் கிடைக்கும் பஃப் பேஸ்ட்ரித் தாளால் மூடி, ஆவி போக மூன்று கீறல் போட்டு, முட்டை தடவி, 400 பாரன்ஹீட்டில் 30 முதல் 35 நிமிடம். சூடான உள்ளீட்டின்மேல் மாவை மூடினால் வெண்ணெய் உருகி, அடுக்கு எழாமல் அடைபோல் படுத்துவிடும்.

டெட்ரசினி, லூயிசா டெட்ரசினி என்ற இத்தாலிய ஓபரா பாடகியின் பெயரால் வழங்கும் பாஸ்தா. இதே வெள்ளை சாஸில் காளானும் சீஸும் சேர்த்து, ஸ்பகெட்டியோடு கலந்து ஓவனில் வைப்பது. ஸ்பகெட்டியை இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழைந்துபோகும். சாஸ் "கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே" என்று தோன்றும் நிலையில்தான் உள்ளே போக வேண்டும்.

ஞாயிறு: மிளகுச் சுக்கா, கொத்து பரோட்டா

நாலாம் நாளில் வீட்டில் யாருக்கும் வெண்ணெய் வாடை பிடிக்காது. மிளகும் பூண்டும் கறிவேப்பிலையும் வெளியே வரும் நேரம். இதில் ருசிக்கு அப்பாலும் ஒரு நியாயம் உண்டு: மசாலாப் பொருள்கள் பல அந்த ஆக்ஸிஜன் வேலையைத் தடுப்பவை. பழைய வாடையை மறைப்பதோடு மேலும் வளரவும் விடாது.

ஒரு முட்டுக்கட்டை: வறுக்கும்போது தடவிய சேஜ், ரோஸ்மேரி என்ற வாசனை இலைகள். சேஜின் கற்பூர நெடி சோம்போடும் தேங்காயோடும் ஒத்துப்போகாது. தோலையும், மசாலா ஒட்டிய மேல்பரப்பையும் சீவிவிட்டு உள்கறியை மட்டும் எடுங்கள். மிளகு தூக்கலான சமையலில் மிச்ச நெடி அடங்கிவிடும். அதனால்தான் குருமாவை விட்டு மிளகுச் சுக்காவைச் சொல்கிறோம்.

வெறும் வாணலியில் மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லி 2 தேக்கரண்டி, சீரகம் 1, சோம்பு அரை, காய்ந்த மிளகாய் 3 வறுத்துப் பொடியுங்கள். நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டியோடு வழித்து வைத்த வான்கோழிக் கொழுப்பு 1 மேசைக்கரண்டி. காய்ந்ததும் கறிவேப்பிலை இரண்டு கொத்து, சின்ன வெங்காயம் 20, தட்டிய பூண்டு 8 பல், இஞ்சி ஒரு துண்டு. பொன்னிறமானதும் தக்காளி 1, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, அரைத்த பொடி, ஸ்டாக் முக்கால் கப். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுருளவிடுங்கள். பிய்த்த தொடைக்கறி 3 கப் இப்போது உள்ளே போகும். தீயைக் கூட்டி மூன்று நான்கு நிமிடம் பிரட்டி, ஆவி பறக்கும்போதே இறக்குங்கள்.

ஆட்டுக்கறிச் சுக்கா பழக்கத்தில் "இன்னும் கொஞ்சம் சுருளட்டும்" என்று இருபது நிமிடம் வறுப்பதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு. ஆட்டுக்கறியில் அந்த நேரம் கறி வேகத் தேவை. இங்கே அது காய மட்டும்தான் பயன்படும். மசாலா முழுக்கச் சுருண்ட பிறகே கறி.

மறுசூட்டில் கறியின் நடுப்பகுதி 165 பாரன்ஹீட்டை (74 செல்சியஸ்) தொட வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் அதற்குள் வெளிப்புறம் காய்ந்துவிடும். சிறு துண்டாக நறுக்கிக் கொதிக்கும் சாற்றில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் தொட்டுவிடும். பாதுகாப்பும் மிருதுவும் ஒன்றாகக் கிடைக்கும் வழி இதுதான்.

சுக்கா மிஞ்சினால் அன்றிரவே கொத்து. இந்தியக் கடைகளில் கிடைக்கும் உறைந்த பரோட்டா நாலை இருபுறமும் நன்கு சிவக்கச் சுட்டு, ஆறவிட்டுப் பிய்க்க வேண்டும். சூட்டோடு பிய்த்தால் உள்ளே இருக்கும் ஆவி பரோட்டாவைக் களியாக்கிவிடும். சால்னாவுக்கு எண்ணெயில் பட்டை, சோம்பு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, மிளகாய்த்தூள் ஒன்றரை, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, ஸ்டாக் 2 கப், தேங்காய் கால் கப்போடு பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி அரைத்த விழுது. கால் மணி நேரம் கொதித்தால் போதும். டப்பா ஸ்டாக்கில் வைத்தால் வராத ஒரு பிசுபிசுப்பு இதில் இருக்கும்.

அகலமான வார்ப்பிரும்புச் சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய், வெங்காயம் 2, பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் ஓரம் ஒதுக்கி, 3 முட்டை உடைத்து ஊற்றி, முக்கால் பதத்தில் கிளறி, பரோட்டாவைக் கொட்டுங்கள். சால்னா முதலில் அரை கப் மட்டும். தோசைத் திருப்பியின் விளிம்பால், அல்லது எவர்சில்வர் டம்ளரின் வாயால், கொத்துங்கள். பரோட்டா சால்னாவை உறிஞ்சி, சட்டியில் ஒட்டத் தொடங்கும்போது 2 கப் கறி, இன்னும் கால் கப் சால்னா, மிளகுத்தூள். இரண்டு நிமிடம் கொத்தி இறக்குங்கள். நாலு பரோட்டாவுக்கு மேல் ஒரே ஈட்டில் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, கொத்து உப்புமாவாகும். நான்ஸ்டிக் சட்டியில் கொத்தவே வேண்டாம்.

பிரியாணி வைக்கலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். வைக்கலாம், ஆனால் பிரியாணியில் அரிசிக்கு ருசி ஏற்றுவது பச்சைக் கறி வேகும்போது இறங்கும் சாறு. வெந்த கறியில் அந்தச் சாறு முன்பே போய்விட்டது. அதை ஈடுகட்ட, தண்ணீருக்குப் பதில் முழுக்க ஸ்டாக்கில் அரிசியை வேகவைத்து, மசாலாவில் பிரட்டிய தொடைக்கறியை தம் போடும்போது மட்டும் அடுக்குங்கள். நெஞ்சுக்கறியில் பிரியாணி முயற்சி வேண்டாம்.

கூட மிஞ்சியவை

தோலை வீணாக்காதீர்கள். இரண்டு ஓவன் தட்டுகளுக்கு நடுவே பேக்கிங் தாள் விரித்து அமுக்கி, 400 பாரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் அப்பளம். கம்போவின் மேல் நொறுக்கிப் போடலாம்.

மசித்த உருளைக்கிழங்கில் பாலும் வெண்ணெயும் நிறைய இருக்கும். அப்படியே கட்லெட் தட்டினால் எண்ணெயில் கரைந்துவிடும். 2 கப் மசியலுக்கு ரொட்டித்தூள் அரை கப், முட்டை 1, பொடியாக நறுக்கிய கறி 1 கப், பச்சை மிளகாய், மல்லித்தழை. ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் இறுகியபின் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரியுங்கள். கிரான்பெர்ரி சாஸில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சேர்த்தால் கட்லெட்டுக்குத் தொட்டுக்கொள்ளத் தொக்கு. ஸ்டஃபிங்கை வாஃபிள் இயந்திரத்தில் அமுக்கிச் சுடுவது அமெரிக்கர்களின் தந்திரம், நம்புங்கள், நன்றாகவே வரும்.

திங்கள்: ஃபிரீசர்

திங்கள் இரவுக்குள் தீராது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்தால், வெள்ளிக்கிழமையே உறைய வையுங்கள். நாலாம் நாள் கறியை உறைய வைத்தால் உறைவது நாலாம் நாள் வாடைதான். இரண்டு கப் கறி, முழுகும்வரை ஸ்டாக், ஜிப் வைத்த ஃபிரீசர் பை, காற்றைப் பிதுக்கிவிட்டுத் தட்டையாகப் படுக்க வைப்பது. இப்படி நாலு மாதம் ருசி கெடாமல் இருக்கும். ஸ்டாக் மட்டும் தனியாக ஒரு கப் அளவுகளில். பாலும் மைதாவும் சேர்ந்த சாஸ் உறைந்து உருகினால் திரிந்துவிடும், எனவே பாட் பை உள்ளீட்டை உறைய வைக்காதீர்கள். கம்போ நன்றாகத் தாங்கும்.

எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். பை எங்காவது கீறியிருந்தால் சாறெல்லாம் காய்கறித் தட்டில் இறங்கிவிடும். மறந்துவிட்டால் உறைந்த கட்டியை அப்படியே சால்னாவிலோ கம்போவிலோ போட்டு மூடி, சிறு தீயில் உருகவிட்டுக் கொதி வரும்வரை வைக்கலாம். சமையல் மேடையில் வைத்து உருக்க மட்டும் கூடாது.